கொங்காணியும் கூடாரமும்

போடிநாயக்கனூர்க்காரர்களுக்கு மலை என்பது வேலைக்குப் போகும் இடம். ஊரிலிருந்து மேற்கே சுமார் 16 கிலோமீட்டரில் குரங்கணி. அங்கிருந்து செங்குத்தாக ஏறினால் சென்ட்ரல் ஸ்டேஷன், அதற்கும் மேலே டாப் ஸ்டேஷன். மூணாறுத் தேயிலையைக் கீழே இறக்குவதற்காக 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908-ல் அது குறுகிய ரயில்பாதை ஆயிற்று. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி அடிவாரத்துக்கு வரும். பிறகு மாட்டுவண்டியில் போடிக்கு. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயில்பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. மனிதர் நடந்த பாதை மட்டும் நிலைத்தது. ஏலத்தோட்டத்துக்குப் போனவர்கள், அரிசியும் பருப்பும் சுமந்து ஏறியவர்கள், காய்ச்சல்காரரைத் தொட்டிலில் போட்டுத் தூக்கி இறங்கியவர்கள் எல்லோரும் அதில்தான் நடந்தார்கள். எங்கள் சித்தப்பாவும் நடந்தார்.

அவர் ஒரு ஏலத்தோட்டத்தில் கங்காணி. எண்பதுகளில் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் நானும் அவரோடு மேலே போவேன். அவர் எடுத்துக்கொண்டு போன சாமான்கள் இன்றும் மனதில் வரிசையாக நிற்கின்றன. காலில் லாரி டயரை அறுத்துத் தைத்த செருப்பு. தோளில் முரட்டுக் கம்பளி. சாக்கின் ஒரு மூலையை உள்ளே மடித்துத் தலையோடு முதுகையும் மூடிக்கொள்ளும் கொங்காணி. மூணு கட்டை போட்ட டார்ச். ஒரு தூக்குவாளியில் புளிச்சோறு. இடுப்பில் சின்ன அரிவாள். அட்டைக்குப் புகையிலையும் சுண்ணாம்பும். மாற்றுத் துணியையும் தீப்பெட்டியையும் உரமூட்டைக்குள் வருகிற பாலிதீன் பையில் போட்டு, வாயை முறுக்கி, சணல் கயிற்றால் கட்டியிருப்பார். இவ்வளவுதான். எந்தப் பொருளும் அழகுக்காக வந்ததில்லை. எது எதற்கு என்று கேட்டால் ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது.

இப்போது என் மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். அவளும் தோழிகளும் குரங்கணிக்கு மேலே இருக்கும் கொழுக்குமலைக்குப் போய்க் கூடாரம் போட்டுத் தங்கப் போவதாகவும், அது நல்லபடியாக முடிந்தால் அடுத்த வருடம் உத்தராகண்ட் போவதாகவும் முடிவு செய்தார்கள். "அப்பா, லிஸ்ட் அனுப்பியிருக்கேன், பாத்துட்டு எது வேணும் எது வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள். கைப்பேசித் திரையில் அந்தப் பட்டியல் இறங்கிக்கொண்டே இருந்தது. தண்ணீர் புகாத பூட்ஸ், மூன்று அடுக்கு மழைக்கோட், மைனஸ் பத்து டிகிரி தூங்கும் பை, கார்பன் ஊன்றுகோல், தண்ணீர் வடிகட்டி, மடிக்கும் நாற்காலி. கீழே ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று கம்பெனிகளின் பெயர்.

அந்தப் பட்டியலை நான் குறைவாக நினைக்கவில்லை. மலைக்குப் போகிறவர் முன்கூட்டி யோசிப்பது நல்லது. டெகாத்லான் போன்ற கடைகள் வந்த பிறகு நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் நல்ல சாமான் கைக்கு எட்டுகிறது. எங்கள் காலத்தில் அது இராணுவத்துக்கும் வெளிநாட்டுக்காரருக்கும் மட்டும் கிடைத்தது. ஆனால் அந்த நீண்ட பட்டியலில் எங்கேயும் மாதம் குறிக்கப்படவில்லை. ஜனவரியா, மார்ச்சா, ஜூலையா? எந்தப் பக்கமிருந்து ஏறுவது, இரவில் எங்கே படுப்பது? இதெல்லாம் தெரியாமல் வாங்கும் சாமான் கடைக்குத்தான் பொருந்தும். அடுத்த லீவில் சென்னைக்குப் போய் அவளோடு கடைக்கு நடந்தேன்.

முதலில் கால். மலையில் முக்கால்வாசித் துன்பம் காலில்தான் தொடங்குகிறது. சித்தப்பாவின் டயர்ச் செருப்புக்கு ஒரு நியாயம் இருந்தது. குரங்கணிப் பாதை சரளையும் காய்ந்த புல்லுமாக இருக்கும். டயரின் பட்டை அந்தச் சரளையைப் பிடிக்கும். ஓடையில் இறங்கினால் தண்ணீர் உள்ளே வந்து அப்படியே வெளியே போய்விடும், கால் ஊறாது. ஆனால் அதே செருப்பு விரல்களைக் காக்காது. கல்லில் இடித்து நகம் பெயர்ந்தவர்கள், குதிகால் வெடித்து ரத்தம் வந்தவர்கள், முள் ஏறிச் சீழ் பிடித்து வாரக்கணக்கில் வேலைக்குப் போகாமல் படுத்தவர்கள் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எப்போதும் இருந்தார்கள். அந்தக் காலத்து வலியையும் சேர்த்துத்தான் அந்தக் காலத்தைப் பேச வேண்டும்.

மலைக்காலணியின் அடிப்பாகம் இப்போது இருக்கும் வடிவத்துக்கு வந்ததன் பின்னால் ஒரு சாவுச் செய்தி இருக்கிறது. 1935-ல் இத்தாலிய ஆல்ப்ஸில் புன்டா ராசிகா என்ற சிகரத்தில் ஆறு பேர் இறந்தார்கள். அன்றைய ஏறுகாலணிகள் அந்தப் பனிக்கும் குளிருக்கும் ஏற்றவையாக இல்லை. அந்தக் குழுவை அழைத்துப் போன விட்டாலே பிரமானி அதன் பிறகு, ஆழமான பள்ளமும் மேடும் கொண்ட ரப்பர் அடிப்பாகத்தை 1937-ல் கொண்டுவந்தார். டயர்க் கம்பெனியான பிரெல்லி அதற்குத் துணை நின்றது. விப்ரம் என்ற பெயர் அவருடைய பெயரிலிருந்து வந்தது. டயர்க் கம்பெனியின் ரப்பர் ஆல்ப்ஸில் பூட்ஸ் ஆனது. லாரி டயர் போடியில் செருப்பு ஆனது. இரண்டும் ஒரே தேவையிலிருந்து வந்தவை என்று நான் நம்புகிறேன்.

கடையில் மகளிடம் சொன்னது இதுதான். காலணி வாங்கச் சாயங்காலம் போக வேண்டும். நாள் முழுக்க நடந்து நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். மலையில் போடப் போகிற அதே காலுறையைப் போட்டுக்கொண்டு அளவு பார்க்க வேண்டும். நுனியில் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். ஏறும்போது இடம் இல்லாவிட்டாலும் தெரியாது. இறங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் விரல் நுனி முன்னால் போய் முட்டும்; அடிவாரம் வருவதற்குள் நகம் கறுத்துவிடும். கடையில் சாய்வுப் பலகை இருந்தால் அதில் இறங்கிப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் படிக்கட்டில் இறங்கிப் பார்க்கலாம். பருத்திக் காலுறை வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு தோலை ஊறவைக்கும், கொப்புளம் அங்கேதான் எழும். கம்பளி கலந்ததோ, வியர்வையை வெளியே கடத்தும் செயற்கை நூலோ நல்லது. தண்ணீர் புகாத பூட்ஸ் எங்கள் மலைக்குத் தேவையில்லை என்றேன். மேல்வாய் வழியாக ஒருமுறை தண்ணீர் உள்ளே போய்விட்டால் அதை வெளியேறவும் விடாது. பனியில் நடக்கப் போகிறவர்களுக்கு அது வேறு கணக்கு.

கடைக்காரர்கள் பொதுவாகச் சொல்லாத ஒன்றும் உண்டு. பல காலணிகளின் நடு அடுக்கு பாலியூரித்தேன் நுரையால் ஆனது. நம் ஊர் ஈரக்காற்றில் அது தானாகவே மெல்லச் சிதையும். நடக்காமல் அலமாரியில் வைத்திருந்தாலும் சில வருடங்களில் உள்ளுக்குள் உதிரத் தொடங்கிவிடும். வெளியே புதுசு போலப் பளபளக்கும். மலையில் பாதி வழியில் அடிப்பாகம் வாய் பிளக்கும். அதனால் நாள்பட்டுக் கிடந்த பூட்ஸை எடுத்தால் கையால் வளைத்துப் பார்க்க வேண்டும், கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே ஊருக்குள் போட்டு நடந்து பார்க்க வேண்டும். புதுக் காலணியும் அப்படித்தான். முதல் கொப்புளம் வீட்டுக்குப் பக்கத்திலேயே வரட்டும்.

இனி மழை. கொங்காணியைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. சாக்கு நனையும், ஆனால் தண்ணீர் மடிப்பின் வழியாக முதுகுக்குப் பின்னால் வழிந்துவிடும். முன்பக்கம் திறந்திருப்பதால் காற்று போகும். குனிந்து வேலை செய்கிறவருக்கு இரண்டு கையும் விடுதலையாக இருக்கும். பிறகு சாக்கின் இடத்துக்குப் பாலிதீன் தாள் வந்தது, வடிவம் மாறவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மகளின் பட்டியலில் இருந்த மூன்று அடுக்கு மழைக்கோட்டும் இதே சிக்கலைத் தீர்க்கத்தான் பிறந்தது: மழை உள்ளே வரக்கூடாது, வியர்வை வெளியே போக வேண்டும். 1969-ல் அமெரிக்காவில் பாப் கோர், டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக்கைச் சட்டென்று இழுத்து நீட்டியபோது அது நுண்துளைகள் நிறைந்த மெல்லிய சவ்வாக விரிந்தது. மழைத்துளி நுழைய முடியாத, நீராவி மட்டும் போகக்கூடிய துளைகள். கோர்டெக்ஸ் அப்படி வந்தது. 1976-லிருந்து உடுப்பாகக் கடைகளுக்கு வந்தது.

அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் அது வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. கோட்டுக்குள்ளே இருக்கும் காற்றைவிட வெளிக்காற்று உலர்ந்தும் குளிர்ந்தும் இருந்தால்தான் நீராவி வெளியேறும். ஜூன், ஜூலையில் மேற்குத் தொடர்ச்சி மலையின் தாழ்சரிவில் வெளியேயும் அதே ஈரம், அதே புழுக்கம். நீராவி எங்கே போகும்? அரைமணி நேரம் ஏறினால் உள்ளே வியர்வையிலேயே நனைந்துவிடுவோம். நம் மலைக்குத் தளர்வான போஞ்சோவோ, காற்றில்லாத காட்டுப் பாதையில் ஒரு நல்ல குடையோ அதைவிட மேல். உத்தராகண்டுக்குப் போகும்போது அந்த மழைக்கோட்டை வாங்கிக்கொள் என்றேன். அங்கே அதன் விலைக்கு அது வேலை செய்யும்.

பைக்கு மேலே போடும் மழையுறையும் அப்படித்தான். முதுகுப் பக்கம் திறந்தே இருக்கும், அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும். பைக்கு உள்ளே ஒரு பெரிய பாலிதீன் பையை வைத்து, சாமானை எல்லாம் அதில் போட்டு வாயை முறுக்கிக் கட்டுவதுதான் உறுதி. உள்ளுறை என்று இப்போது அது தனியாக விற்கிறது. சித்தப்பாவின் உரமூட்டைப் பாலிதீன் செய்ததும் இதே வேலையைத்தான். மகள் அந்த உள்ளுறையை எடுத்து வண்டியில் போட்டுக்கொண்டாள். எனக்கு அதில் ஒரு தனி நிறைவு.

கம்பளிக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துக் கம்பளி உடம்பைக் குத்தும், கனக்கும், நனைந்தால் ஆட்டு வாடை அடிக்கும். ஆனால் நனைந்த பிறகும் ஓரளவு சூடு கொடுக்கும். பருத்தி அப்படியில்லை. நனைந்த பருத்திச் சட்டை உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வாத்துச் சிறகு அடைத்த கோட்டும் நனைந்தால் சுருண்டு ஒட்டிக்கொள்ளும். சிறகுகளுக்கு நடுவே தங்கிய காற்றுதான் சூட்டைக் காத்தது, அந்தக் காற்று போய்விட்டால் ஒன்றுமில்லை. இமயமலையில் இது உயிர்ப் பிரச்சினை. 2024 ஜூன் தொடக்கத்தில் உத்தராகண்டின் சஹஸ்திர தால் ஏரிக்குப் போன கர்நாடகக் குழு திடீர்ப் பனிப்புயலில் சிக்கி, ஒன்பது பேர் இறந்தார்கள். கோடைகாலம்தானே என்று நாம் நினைக்கும் மாதம் அது. 4,000 மீட்டருக்கு மேலே கோடை என்ற சொல்லை நம்பி எதையும் வீட்டில் விட்டுப் போகக் கூடாது. உடம்பை ஒட்டி வியர்வையைக் கடத்தும் ஒன்று, அதன்மேல் சூடு காக்கும் ஒன்று, வெளியே காற்றையும் மழையையும் தடுக்கும் ஒன்று, இவற்றோடு நனையாமல் பாதுகாத்த ஒரு மாற்றுடுப்பு. இதில் எதையும் குறைக்க வேண்டாம், எடை கூடினாலும் பரவாயில்லை.

கொழுக்குமலைக் குளிருக்கு மைனஸ் பத்து டிகிரி தூங்கும் பை தேவையில்லை. அந்தப் பக்கம் டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். மூணாறு பக்கம் சில ஜனவரி விடியல்களில் புல்லில் உறைபனி கட்டும். அதற்கு, உள்ளே ஒரு கம்பளி உடுப்பும் இருந்தால், ஐந்து டிகிரி வரை இதமாக வைத்திருக்கும் பை போதும். ஆனால் அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். உலகத் தர நிர்ணயப்படி சோதித்த பைகளில் மூன்று வெப்பநிலைகள் அச்சிட்டிருக்கும். முதலாவது, இதமாகத் தூங்கக்கூடிய அளவு. இரண்டாவது, சுருண்டு படுத்துச் சமாளிக்கும் எல்லை. மூன்றாவது, சில மணி நேரம் உயிர் பிழைத்துக் கிடக்கும் அளவு. சில பைகளின் வெளியே பெரிய எழுத்தில் போட்டிருப்பது அந்தக் கடைசி எண். அதை நம்பி வாங்குகிறவர் இரவெல்லாம் பல் கிட்டிக் கிடப்பார். முதல் எண்ணைப் பார், மற்றதை மறந்துவிடு என்று மகளிடம் சொன்னேன்.

அதைவிட முக்கியம் கீழே விரிப்பது. நாம் படுத்ததும் பையின் அடிப்பக்கம் நசுங்கிவிடும், அங்கே சூடு தங்காது. உடம்புச் சூட்டைத் தரை இழுத்துக்கொள்ளும். தோட்டத்து லயத்தில் இதைப் பள்ளிக்கூடம் போகாத கிழவிகளும் அறிந்திருந்தார்கள். காய்ந்த புல்லை ஒரு முழம் உயரத்துக்குப் பரப்பி, அதன்மேல் சாக்கு, சாக்கின்மேல் பாய். மேலே ஒரு கம்பளியைப் போர்த்துவதைவிடக் கீழே ஒரு சாக்கைக் கூடுதலாகப் போடுவார்கள். "மேலே போத்துறதுல பாதி, கீழே விரிக்கிறதுல மீதி"ன்னு சித்தப்பா சொல்வார். இன்று விரிப்புகளுக்கு ஆர் மதிப்பு என்று ஓர் எண் போடுகிறார்கள். எண் கூடக் கூடத் தரைக்குளிர் குறையும். தூங்கும் பைக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கை விரிப்புக்கு ஒதுக்குகிறவர் நன்றாகத் தூங்குவார்.

பையைப் பற்றிக் கொஞ்சம். தோட்டத்துக்கு அரிசி மூட்டை தலையில் போயிற்று. துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, மூட்டையை ஏற்றி, கழுத்தும் முதுகெலும்பும் ஒரே கோடாக நிமிர்ந்து நடப்பார்கள். கென்யாவின் லூவோ, கிகுயூ பெண்களைச் சோதித்து 1986-ல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. தங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை அவர்களால் கூடுதல் சக்தி செலவழியாமலே தலையிலோ நெற்றிப் பட்டையிலோ சுமக்க முடிந்தது என்று அது சொன்னது. அந்தத் திறமை சிறுவயதிலிருந்து சுமந்தவருக்கு வருவது, நமக்கு வராது. நமக்கு வேண்டியது பாரத்தைத் தோளிலிருந்து இடுப்பெலும்புக்கு இறக்கும் பட்டை. எத்தனை லிட்டர் பை என்று எல்லோரும் கேட்கிறார்கள், முதுகின் நீளத்தை அளந்து பார்க்கச் சொல்கிறவர் குறைவு. கழுத்தடியில் துருத்திய எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல் விளிம்பு வரை அளக்க வேண்டும். பைக்குள் எடையைப் போட்டு, இடுப்புப்பட்டையை இறுக்கி, கடைக்குள்ளேயே கால்மணி நேரம் நடந்து பார்க்க வேண்டும். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமை போனால் எதையாவது எடுத்து வெளியே வைக்க வேண்டும். மகள் மடிக்கும் நாற்காலியை வெளியே வைத்தாள்.

வெளிச்சத்தில் மட்டும் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. நெற்றியில் மாட்டும் எல்.இ.டி. விளக்கு மூணு கட்டை டார்ச்சைவிட எல்லா வகையிலும் மேல். கை இரண்டும் சும்மா இருக்கும், எடை இல்லை, இரவு முழுக்க எரியும். சித்தப்பா இருந்திருந்தால் அவருக்கு முதலில் வாங்கிக் கொடுத்திருப்பேன். அட்டைக்கு முழங்கால் வரை ஏறும் நெருக்கமான துணியுறையும் அப்படியே, புகையிலையைவிட அது மேல்.

தண்ணீர் விஷயம் அவ்வளவு எளிதல்ல. எங்கள் சிறுவயதில் ஓடையில் கையேந்திக் குடித்தோம். இப்போது அந்த ஓடைகளுக்கு மேலே ஏலத்தோட்டம். ஏலம் பூச்சிமருந்து அதிகம் அடிக்கப்படும் பயிர்களில் ஒன்று. மகள் வாங்க நினைத்த நுண்துளை வடிகட்டி பெரும்பாலான கிருமிகளைப் பிடிக்கும், கரைந்த மருந்தைப் பிடிக்காது. பெட்டியில் எழுதியிருக்கும் சதவீதம் எல்லாம் கிருமிக் கணக்கு. தோட்டத்துக்குக் கீழே ஓடும் தண்ணீரை எந்த வடிகட்டியை நம்பியும் குடிக்க வேண்டாம். அடிவாரத்திலிருந்தே சுமந்துகொண்டு போக வேண்டும். ஒரு லிட்டர் ஒரு கிலோ, அதையும் பை எடையில் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேலே எங்கே தோட்டம், எங்கே சோலைக்காடு, எந்த ஊற்று நல்லது என்று உள்ளூர்க்காரருக்குத் தெரியும். அந்த அறிவு எந்தக் கடையிலும் கிடைக்காது.

சாமானே வேண்டாம் என்று பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்மா கேட்வுட் பாட்டியை உதாரணம் காட்டுவார்கள். 1955-ல், 67 வயதில், 3,300 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பலாச்சியன் பாதையைத் தனியாக நடந்து முடித்தவர். கேன்வாஸ் காலணி, தானே தைத்த துணிப்பை, மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை. உண்மைதான். ஆனால் அதற்கு முந்தைய வருடம் அவர் கிளம்பி, வழி தவறி, மூக்குக்கண்ணாடியும் உடைந்து, திரும்ப வேண்டிவந்தது. வாழ்நாள் முழுக்கப் பண்ணையில் உழைத்த உடம்பு அவருடையது. அந்த உடம்பும் காட்டில் வளர்ந்த கண்ணும் இல்லாதவர் திரைச்சீலையை மட்டும் எடுத்துக்கொண்டு போகக் கூடாது.

இனி நான் சொல்லப்போவது, மகளிடம் கடையில் சொல்லாமல் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து சொன்னது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்த இரண்டு குழுக்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் இளம் வயதினர். போடியில் அன்றைய இரவை யாரும் மறக்கவில்லை. ஊர்ப் பையன்களும் மலைக்கிராமத்துக்காரர்களும் இருட்டில் ஏறி, எரிந்தவர்களைப் போர்வையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிப்ரவரியிலிருந்து மழை வரும்வரை அந்தச் சரிவில் ஆளுயரப் புல் காய்ந்து நிற்கும். காற்று மேலேறும் சரிவில் தீ மனிதனைவிட வேகமாக ஓடும். அந்தப் புல்லுக்குள் மார்ச் மாதம் நுழையக் கூடாது என்பது எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு வழிவழியாகத் தெரியும். தவிர்க்க முடியாமல் போனாலும் தீ தடுக்க வெட்டிய இடைவெளிகளை ஒட்டித்தான் போவார்கள்.

உடையைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். வியர்வையைக் கடத்தும் பாலியெஸ்டரும் நைலானும் கடும் வெப்பத்தில் உருகித் தோலோடு ஒட்டும். பருத்தியும் கம்பளியும் கருகும், உருகாது. மழைக்கும் குளிருக்கும் எது நல்லதோ அதுவே தீக்கு ஆபத்தாகிறது. எந்த உடையும் அன்றைய தீயிலிருந்து யாரையும் காப்பாற்றியிருக்காது. அந்த மாதத்தில் அங்கே இல்லாமலிருப்பது ஒன்றுதான் காப்பாற்றியிருக்கும். அதனால்தான் முதலில் மாதத்தைக் கேட்டேன். அதே வருடம் தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை அனுமதியோடும் வழிகாட்டியோடும் திறந்தது. குரங்கணி – சாம்பலாறு பாதை அதில் ஒன்று. தீக்காலத்தில் பாதைகளை மூடுகிறார்கள். மூடியிருக்கும்போது வேறு வழியாகக் கூட்டிப் போகிறேன் என்று யாராவது சொன்னால், எவ்வளவு நல்ல கூடாரம் தந்தாலும் போகக் கூடாது.

மகளும் தோழிகளும் மார்ச் மாத நீண்ட விடுமுறைக்குப் போட்டிருந்த திட்டத்தை டிசம்பருக்கு மாற்றினார்கள். அனுமதியுள்ள பாதையில், பழங்குடி இளைஞர் ஒருவரின் துணையோடு நடந்தார்கள். அவள் திரும்பி வந்து எனக்குச் சொன்ன முதல் விஷயம் சூரிய உதயமோ மேகக்கடலோ இல்லை. "அப்பா, எங்க எல்லாருக்கும் நல்ல ஷூ, ஜாக்கெட், தலைவிளக்கு எல்லாம் இருந்துச்சு. சாமான் தூக்கிட்டு வந்த அண்ணன் ரப்பர் செருப்பு போட்டிருந்தாரு. ராத்திரி ஒரு போர்வைதான்" என்றாள். அந்த அண்ணனுக்குத்தான் ஊற்று எது, யானைத்தடம் எது, மேகம் எந்தப் பக்கம் திரும்பினால் மழை என்று எல்லாம் தெரிந்திருந்தது. எண்பதுகளில் எங்கள் சித்தப்பாவுக்கும் அறிவு இருந்தது, சாமான் இல்லை. நாற்பது வருடத்தில் சாமான் மலைக்கு வந்துவிட்டது, ஆனால் மலையை அறிந்தவர் காலுக்கு இன்னும் வரவில்லை.

நேபாளத்தில் ஒரு சுமைதூக்கி இளைஞர் உயரநோயால் கவனிப்பாரின்றி இறந்த பிறகு, 1997-ல் சுமைதூக்குவோர் பாதுகாப்புக்கென்று ஒரு சர்வதேசக் குழுவே உருவானது. மலைப்பயணிக்குக் கிடைக்கும் உடையும் தங்குமிடமும் மருத்துவமும் சுமைதூக்கிக்கும் கிடைக்க வேண்டும் என்பது அதன் கோரிக்கை. நம் மலைகளுக்கும் அது பொருந்தும்.

மலைக்குக் கிளம்பும் பிள்ளைகளிடம் எனக்கு ஒரே வேண்டுகோள். பணம் கட்டுவதற்கு முன், ஏற்பாடு செய்கிறவரிடம் நேராகக் கேளுங்கள்: எங்களோடு வருகிற வழிகாட்டிக்கும் சுமைதூக்கிக்கும் காலணி கொடுத்திருக்கிறீர்களா, மழைக்கு உடுப்பு உண்டா, இரவில் அவர்கள் எதில் படுப்பார்கள்? சரியான பதில் வராவிட்டால் அவரிடம் போகாதீர்கள். சரியான பதில் வந்தால், உங்கள் சாமான் பட்டியலை அந்த வழிகாட்டியிடம் காட்டி, எதை எடுத்துவர வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள்.